ஆறு நட்டுகள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் வேன் சக்கரத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, செய்யுளும் மொழியணியும் என்று எழுதி வந்தவன் இன்று நட்டு, ஜேக், ஸ்பேனர் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். காரணம் உண்டு. பல்லாண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தியை இன்று சொல்லிவிட வேண்டும். அதோடு, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் எவரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் எழுதிவிட எண்ணுகிறேன்.

2011ஆம் ஆண்டு. அப்பொழுது பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கம் உள்ள ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஈப்போவில் நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கு எட்டு மாணவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டிருந்தது. எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஓட்டுநரே அன்றும் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. பிள்ளைகள் அவரை 'வேன் தாத்தா' என்பார்கள். நான் 'அண்ணே' என்பேன். என்னை அவர் 'வாத்தியாரே' என்றுதான் அழைப்பார்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள், இன்னும் விடியவில்லை. பீடோரை அடைய ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் இருக்கையில் வண்டியின் பின்புறம் இடப்பக்கமாகத் தாழ்ந்து ஆடத் தொடங்கியது. பஞ்சர்!

அண்ணன் பதறவில்லை. வேகத்தைக் குறைத்து, சாலையோரத்தில் சமதரையாக இருந்த ஓரிடம் வரும் வரையில் வண்டியை மெல்ல உருட்டிச் சென்று நிறுத்தினார். நான்கு பக்கமும் மின்னும் அபாய விளக்குகளைப் போட்டார். பிள்ளைகள் அனைவரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலையிலிருந்து தள்ளிப் புல்வெளியில் நிற்க வைத்தார். "பிள்ளைங்கள வண்டியில வெச்சுக்கிட்டு ஜேக் போடக்கூடாது வாத்தியாரே" என்றார். வண்டிக்குள் ஒரு பிள்ளை எழுந்து நடந்தாலும் ஜேக்கின் மேல் நிற்கும் வண்டி அசையும் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது மணிக்குப் போட்டி என்பதும், முதலாவதாகப் பேச வேண்டியவன் எங்கள் பள்ளி மாணவன் என்பதும்தான்.

அவர் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு மர ஆப்புகளை எடுத்து, முன்பக்கச் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நட்டுகளை இளக்கினார், வண்டியைத் தூக்கினார், சக்கரத்தைக் கழற்றினார். உதிரிச் சக்கரத்தை மாட்டுவதற்கு முன்பு, சக்கரம் வந்து பொருந்தும் குடத்தில் படிந்திருந்த துருவையும் மண்ணையும் துடைப்பதற்காகக் கம்பித் தூரிகையைத் தேடினார்.

"அதெல்லாம் எதற்கண்ணே? நேரமாகிறது!" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தூரிகையைத் தேடாமல் சக்கரத்தை மாட்டினார். நட்டுகளைக் கையால் திருகிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினார். பஞ்சரான சக்கரத்தையும் ஜேக்கையும் அவர் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நான் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டேன். "நீங்கள் அதைப் பாருங்கள், நான் இறுக்கிவிடுகிறேன்." கடிகார முள் சுற்றுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு நட்டுகளையும் என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ஒரே சுற்று. எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டேன். பெரிய வேலையை முடித்துவிட்ட நிறைவு எனக்கு.

பீடோரைக் கடந்து, தாப்பாவைக் கடந்து, பழைய சாலையில் சென்று கொண்டிருந்தோம். பிள்ளைகள் பேச்சை ஒப்புவித்துக் கொண்டிருந்தார்கள். கம்பார் நெருங்கியதும் அண்ணன் "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கய்யா" என்றார். வண்டி அமைதியாயிற்று. பின்புறத்திலிருந்து மிக மெல்லிய ஓர் ஒலி... டக், டக், டக். வேகம் கூடினால் விரைந்தது, குறைந்தால் மெதுவானது.

ஓர் எண்ணெய் நிலையத்தில் வண்டியைத் திருப்பினார். "எப்படியும் இங்க நிறுத்தி நட்ட ஒரு தடவ பார்க்கத்தான் நெனச்சேன்" என்றார். நான் எரிச்சலோடு இறங்கினேன். அவர் குனிந்து முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அது ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அடுத்ததைத் தம் விரல்களாலேயே திருப்பிக் காட்டினார்.

நான் புல்வெளியில் நின்ற எட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். என்னையும் அறியாமல் இருமுறை எண்ணினேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் முட்டுக் கொடுத்து, வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, இம்முறை குடத்தைப் பளிச்சென்று தேய்த்து, திருகாணிகளின் மரைகள் கெடவில்லை என்று ஒவ்வொன்றாக உறுதிசெய்து மாட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. ஈப்போவை அடைந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. முதலாவதாகப் பேச வேண்டிய மாணவனின் பெயர் அழைக்கப்பட்டு, அடிக்கப்பட்டும் விட்டது. விதிமுறை விதிமுறைதான். மூன்று மாதங்களாகக் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்த பையன் அவன். அழவில்லை, பேச்சு எழுதிய தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாலையில் பிள்ளைகளை வீட்டில் விட்டபோது பெற்றோர் காரணம் கேட்டனர். "வழியில் வேன் பழுதாகிவிட்டது" என்றேன். அது பொய்யன்று, ஆனால் உண்மையும் அன்று. தோட்டத்தில் செய்தி வேறு வடிவம் எடுத்தது. 'பழைய வண்டி', 'வயதானவர்', 'ஒழுங்காகப் பராமரிப்பதில்லை' என்றார்கள். அடுத்த மாதம் மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டன. அண்ணனின் வருமானம் குறைந்தது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

திருக்குறளில் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேரின் அச்சாணியை வள்ளுவர் அங்கே உவமையாக்கியிருப்பதைக் கரும்பலகையில் தேர் வரைந்து விளக்கியிருக்கிறேன். ஆனால், பிள்ளைகளைச் சுமந்து சென்ற ஒரு வண்டியின் ஆறு நட்டுகளை முறையாக இறுக்க எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

அதன் பிறகு அவரிடமே கற்றுக்கொண்டேன். பட்டறையில் நின்று பார்த்தும், வாகனக் கையேட்டைப் படித்தும் தெளிவு பெற்றேன். நான் கற்றவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். வரிசைதான் இங்கே பாதுகாப்பு. ஆகவே முன்பின் மாற்ற வேண்டாம்.

1. இடம். சமதரையாகவும் கெட்டியாகவும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். மணல், ஈரப்புல், வெயிலில் இளகிய தார் ஆகியவற்றில் ஜேக் புதைந்து சாயும். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் செல்வதால், வலப்பக்கச் சக்கரத்தை மாற்றுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் மற்ற வாகனங்கள் விரையும். நல்ல இடம் கிடைக்கும் வரை மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். டயர் கிழிந்தால் கிழியட்டும், புதிது வாங்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையின் அவசரத் தடமாக இருந்தால், சக்கரத்தைத் தொடாமல், அனைவரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் சென்று நின்று, உதவிக்கு அழைப்பதே அறிவுடைமை.

2. ஆட்களை இறக்குதல். அபாய விளக்கைப் போடுங்கள். வண்டிக்குப் பின்னால் தொலைவில் சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். பிள்ளைகளைச் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் நிறுத்துங்கள்.

3. முட்டுக் கொடுத்தல். கைபிரேக்கை இழுத்து, முதல் கியரில் வையுங்கள்; தானியங்கிக் கியர் என்றால் 'பி'யில் வையுங்கள். அதனோடு நின்றுவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடியில் பாதி போய்விடும். பின்சக்கரங்களால் இயங்கும் வேன் என்றால், தூக்கிய சக்கரம் தனியே சுழலக் கூடுமாதலால் கியரையும் நம்ப முடியாது. ஆகவே, மாற்றப் போகும் சக்கரத்திற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் மரக்கட்டையோ பெரிய கல்லோ வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

4. இளக்குதல். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே நட்டுகளை இடஞ்சுழியாக அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். தூக்கிய பிறகு முயன்றால், சக்கரம் சுழலும். நாம் கொடுக்கும் விசை வண்டியை ஜேக்கிலிருந்து தள்ளியும் விடலாம்.

5. தூக்குதல். ஜேக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். அந்த இடத்தில் மட்டுமே வையுங்கள். தகட்டில் வைத்தால் நசுங்கி வழுக்கும். டயர் தரையைவிட்டுச் சற்றே எழும் வரை தூக்கினால் போதும். காற்று நிறைந்த உதிரிச் சக்கரம் நுழைய இன்னும் கொஞ்சம் தேவைப்படும். எக்காரணம் கொண்டும் தலையையோ கை கால்களையோ வண்டிக்கு அடியில் நுழைக்காதீர்கள். ஜேக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அன்று. பட்டறையில் அதற்கென்று தனித் தாங்கிகள் வைத்திருக்கிறார்கள். சாலையில் அவை கிடைக்காதாகையால், உதிரிச் சக்கரத்தை வண்டியின் ஓரத்திற்கு அடியில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஜேக் சாய்ந்தாலும் வண்டி அதன்மேல் நிற்கும். பல வேன்களில் உதிரிச் சக்கரம் பின்புறத் தரைக்கு அடியில்தான் தொங்கும். ஆகவே வண்டியைத் தூக்குவதற்கு முன்பே அதை இறக்கிவிட வேண்டும்.

6. துடைத்தல். நான் வேண்டாம் என்று தடுத்த வேலை இதுதான். குடமும் சக்கரமும் ஒன்றையொன்று தொடும் பரப்பில் துரு, மண், உரிந்த சாயம் இருக்கக்கூடாது. நட்டு இறுக்கும்போது திருகாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. இடையில் துரு இருந்தால், வண்டி ஓட ஓட அது நொறுங்கி, இடைவெளி உண்டாகி, அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். நட்டு திரும்பாமலேயே இறுக்கம் போய்விடும்! மரைகளுக்கு எண்ணெய் தடவவும் வேண்டாம். உராய்வு குறைந்து, நாம் எண்ணியதைவிட அதிகமாகத் திருகாணி இழுபடும்.

7. மாட்டுதல். நட்டின் கூம்பு வடிவான பக்கம் சக்கரத்தை நோக்கி இருக்குமாயின் அதை அவ்வாறே மாட்டுங்கள். அந்தக் கூம்பு சக்கரத்தின் துளையில் அமர்ந்துதான் சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது. முதலில் எல்லா நட்டுகளையும் கையால் திருகுங்கள். பிறகு ஸ்பேனரால், எதிரெதிராக மாறி மாறி இலேசாக இறுக்குங்கள். ஐந்து நட்டுகள் என்றால் நட்சத்திரம் வரைவதுபோல் சென்றால் சரியாக வரும். நான் செய்ததுபோல் வட்டமாகச் சென்றால், சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து அமரும். முதலில் இறுக்கிய நட்டு இறுகியதுபோல் தோன்றும்; எதிர்ப்பக்கம் அமர்ந்ததும் அது தளர்ந்திருக்கும்.

8. இறுதி இறுக்கம். வண்டியைத் தரைக்கு இறக்கிய பின், அதே எதிரெதிர் முறையில் முழுமையாக இறுக்கி, மீண்டும் ஒரு சுற்று வாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும். கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடை தொங்குவதற்குச் சமம். ஸ்பேனர்மேல் ஏறிக் குதிப்பதும், நீண்ட குழாயைச் செருகி முறுக்குவதும் தவறு. அளவுக்கு மிஞ்சி நீண்ட திருகாணி பின்னொரு நாள் முறியும். அளவு காட்டும் ஸ்பேனரைப் பள்ளி வேன் ஓட்டுபவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உதிரிச் சக்கரத்தின் காற்றையும் மாதந்தோறும் பார்த்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் அதுவும் காற்றின்றி இருந்தால் என்ன பயன்?

9. மீண்டும் பார்த்தல். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடிய பின் வண்டியை நிறுத்தி, நட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் சரிபாருங்கள். பட்டறையில் மாட்டியதாக இருந்தாலும் பாருங்கள். எவ்வளவு கவனமாக மாட்டினாலும் புதிதாக அமர்ந்த சக்கரம் சற்றே படியும்.

இந்த ஒன்பதாவது வேலைதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. அண்ணன் எப்படியும் கம்பாரில் நிறுத்தியிருப்பார். ஒலி கேட்டது, கேட்காதது இரண்டாம் செய்தி.

அவர் 2018இல் வேன் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். செய்தி அறிந்து வீட்டிற்குச் சென்று பார்த்தேன். தேநீர் அருந்தியபடி, அன்று பெற்றோரிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "உங்க கையில ஸ்பேனரக் கொடுத்தது யாரு? நான்தான? இறுக்குனத பார்க்காம வண்டிய எடுத்தது யாரு? அதுவும் நான்தான். தப்பு என்னுது வாத்தியாரே. மூணு பிள்ளைங்க போனதுதான் கொஞ்சம் வருத்தம்... நல்லா பேசிக்கிட்டு வருங்க."

தவறு அவருடையது என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அவசரப்படுத்தியவன் நான். துடைக்க விடாமல் தடுத்தவன் நான். தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்தவன் நான். அந்தத் தோட்டத்துப் பெற்றோரில் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று தாமதத்திற்குக் காரணம் வண்டியும் அன்று, அதன் ஓட்டுநரும் அன்று என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நிகழ்ச்சி என் வகுப்பறையையும் மாற்றிற்று. முன்பெல்லாம் வலிமிகும் இடங்களை ஒரு வாரம் நடத்துவேன், பயிற்சி கொடுப்பேன், அனைவரும் சரியாகச் செய்வார்கள், 'முடிந்தது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போவேன். இரண்டு மாதம் கழித்துக் கட்டுரையில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஒற்றெழுத்தைக் காணோம். 'எத்தனை முறை சொல்வது?' என்று பிள்ளைகளைத்தான் கடிந்துகொண்டேன். இப்பொழுது பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றிப் பத்து நிமிடம் அதே பாடத்திற்குத் திரும்புகிறேன். எவருக்கு எது தளர்ந்திருக்கிறது என்று அப்பொழுதுதான் தெரிகிறது. தளர்ந்தது பிள்ளையின் குற்றமன்று. ஓடத் தொடங்கிய பின் பார்க்காமல் விட்டால் அது என் குற்றம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், கோபப்படுவதற்கு முன் 'என்னவாயிற்று?' என்று கேளுங்கள். ஓட்டுநர் வழியில் நிறுத்தி எதையேனும் சரிபார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

அன்று பேச முடியாமற்போன அந்த மாணவன் இப்பொழுது வேலைக்குச் செல்கிறான். சென்ற ஆண்டு அவனைச் சந்தித்தபோது முழுக் கதையையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்தத் தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது, சார்" என்றான்.